மேகத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தகடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மரச்சுத்தியல் பிடித்துப் பழகிய கையில் பேனா நிற்பதில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடி மாதம். இடம் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு. கீழே நானும் என் மனைவியும். மாடியில் ஒரே ஒரு அறை. அதற்கு மேல் மொட்டை மாடி. வீட்டுக்காரர் ஆவடியில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த தப்பு புரியாது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் இருக்கிறேன். இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் இடம். அங்கே தொட்டிகளில் அமிலம் நிற்கும். அமிலம் தொட்டியைத் தின்றுவிடாமல் இருக்க உள்பக்கம் முழுவதும் ஈயத் தகடு அடிப்போம். அந்தத் தகடு அடிக்கிறவன் நான். முப்பது வருடமாக அதுதான் தொழில். ஈயம் மெத்தென்ற உலோகம். சொன்னபடி வளையும், துருப்பிடிக்காது, ஒரு சொட்டு கசியாது. மனிதர்களோடு பேசுவதைவிட ஈயத்தோடு எனக்குப் பழக்கம் அதிகம். புது ஆளைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பாது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

அந்த வருடம் சித்திரையில் மாடி அறைக்கு ஒரு பெண் குடிவந்தாள். நாமக்கல் பக்கம். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். வந்த மறுவாரமே வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்தாள். டிபன் கேரியர் அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி. மழை படாமல் இருக்க அதன் மேல் இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட்டைக் கவிழ்த்து, பக்கெட் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல். ஒரு ஒயர் கீழே இறங்கி அவள் அறைக்குள் போனது.

என் மனைவிக்கு என்னைப் போலக் கூச்சம் கிடையாது. அன்றைக்கே மேலே போய்விட்டாள். நான் தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரிசெய்வதுபோல் பக்கத்தில் நின்றேன்.

"இன்னா பாப்பா இது, இடிதாங்கியா?"

"இல்லீங்கக்கா. இடி வர்றப்ப மேகத்துல இருந்து காமா கதிர் வருதான்னு பாக்குற பெட்டி."

"மேகத்துல இருந்து மழதான வரும்? இது இன்னா புச்சா கீது?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தபடியே சொன்னாள். அவள் சொன்னதில் எனக்கு விளங்கியதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

இடிமேகத்துக்குள் மேல்பக்கம் ஒரு வகை மின்சாரமும் கீழ்ப்பக்கம் எதிர் வகையும் சேர்ந்துவிடுகின்றன. இது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் தொட்டியிலும் இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி, நடுவில் மின்சாரம் இழுக்கும். மேகத்தில் அந்த இழுப்பு பல கோடி வோல்ட். அங்கே வேகமாக வரும் ஒரு எலக்ட்ரான் மாட்டினால், காற்று அதைத் தடுப்பதைவிட மேகம் அதைத் தள்ளுவது அதிகமாகிவிடுகிறது. அது நிற்காமல் ஓடும். ஓடும் வழியில் காற்றின் அணுக்களை இடித்து இன்னும் சில எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். அவையும் ஓடும். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூட்டமாக, கிட்டத்தட்ட வெளிச்சத்தின் வேகத்தில். அப்படி ஓடுவது ஒரு அணுவின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் போகும்போது சட்டென்று வளைகிறது.

"தண்ணி லாரி வேகமா வந்து திரும்பறப்ப மேல இருந்து தண்ணி சிந்துதுல்லக்கா, அந்த மாதிரி வளையறப்ப ஒரு கதிரைச் சிந்தும். அதுதான் காமா கதிர். எக்ஸ்ரே இருக்குல்ல, அதே ஜாதி. ஆனா அதைவிட வலுவானது."

அதில் இரண்டு வகையாம். ஒன்று கண் இமைப்பதற்குள், அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். வானத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்த ஒரு செயற்கைக்கோள், கதிர் கீழே பூமியிலிருந்து வருவதைப் பார்த்துத் திகைத்துப் போனதாம். இன்னொன்று நின்று நிதானமாக வருவது. மின்னல் வெட்டுவதற்கு முன் சில வினாடியோ ஒரு நிமிடமோ மேகம் கதிரைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். மின்னல் வெட்டிய நொடியில் அது நின்றுபோகும். அவள் தேடியது இந்த இரண்டாவதை.

"உடம்புக்கு எதுனா ஆவுமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"கீழ வர்றதுக்குள்ள பாதிக்கு மேல காத்தே முழுங்கிடும்க்கா. கதிரைப் பத்திக் கவலைப்படாதீங்க, மின்னலுக்குப் பயப்படுங்க. இடி இடிக்கிறப்ப துணி எடுக்க இங்க வராதீங்க."

"அப்ப உன் பொட்டிக்கு ஒண்ணுமே கெடைக்கலன்னா?"

"கிடைக்கலைன்னு எழுதணும்க்கா. ஆனா பெட்டி ஒழுங்கா பாத்துச்சு, இருந்தும் கிடைக்கலைன்னு எழுதணும். அதுதான் கஷ்டம்."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஆடி பிறந்ததும் அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று இரண்டு வாரம் ஊருக்குக் கிளம்பினாள். போகும்போது என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள். இடி இடித்தால் தேதி, மணி, பெரியதா சின்னதா, மழை உண்டா இல்லையா என்று எழுதிவைக்க வேண்டும். பெட்டிக்குக் கரண்ட் போகிறது என்று காட்ட அவள் படிக்கட்டுச் சுவரில் மாட்டியிருந்த பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். உள்ளே வரும் கதிர்களைப் பெட்டி எண்ணுவதெல்லாம் அவள் அறையில் இருந்த கம்ப்யூட்டரில் தானாகப் பதிவாகும், வந்து பார்த்துக்கொள்வேன் என்றாள்.

எழுதுகிற வேலையை என்னை நம்பி யாரும் கொடுத்ததில்லை. வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் லேசான மழை. விட்டதும் மேலே போய்ப் பார்த்தேன். பக்கெட் வெயிலில் காய்ந்து மேல்பக்கம் நீளமாக விரிசல் விட்டிருந்தது. உள்ளே பெட்டியின் மூட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்து, பக்கெட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிவைத்தேன். காற்றுக்கு அது நிற்காது என்று தெரியும். மறுநாள் சனிக்கிழமை கம்பெனியில் மேஸ்திரியிடம் போய், வெட்டிப்போட்ட ஈயத் தகட்டில் கொஞ்சம் கேட்டேன்.

"இன்னாபா, ஊட்ல தொட்டி கட்டப் போறியா?"

"இல்லண்ணா, ஒரு பக்கெட்டுக்கு."

"பக்கெட்டுக்கு ஈயமா? இன்னா, ராஜா ஊட்டு பக்கெட்டா? எட்துகினு போ."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த வேலைதான். பக்கெட்டின் உள்பக்கம் அளவெடுத்து, மூன்று மில்லிமீட்டர் தகட்டை வெட்டி, வளைத்து, விளிம்பை மடித்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி ஒட்டினேன். வெளியே இருந்து பார்த்தால் பழைய பெயின்ட் பக்கெட்தான். உள்ளே ஒரு தொட்டிக்குச் செய்வதைவிட நேர்த்தி. கனம் பதினைந்து கிலோ இருக்கும். இனி செங்கல்லும் வேண்டாம், புயலே வந்தாலும் நகராது.

என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"வந்து பாத்தா தெரியப்போவுது."

"ஒரு போன் போட்டா இன்னா? பக்கெட்டுக்கு அடிச்ச தகட்ட வாய்க்கும் அட்ச்சிகினியா?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் போனில் என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் வந்து, பக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டால் போதும் என்று இருந்தது. சாயங்காலம் பக்கெட்டை மேலே கொண்டுபோய்ப் பெட்டியின் மேல் கவிழ்த்தேன். ஐந்து மணி தாண்டியிருந்தது. பிறகு கை கழுவிவிட்டு நோட்டை எடுத்து, "ஞாயிறு. இடி இல்லை. மழை இல்லை" என்று எழுதினேன். தகடு போட்டதை எழுதவில்லை. இடியை மட்டும்தானே எழுதச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பத்து நாளில் நான்கு முறை இடி வந்தது. அதில் ஒன்று நான் பார்த்ததிலேயே பெரியது. திருமுல்லைவாயில் பக்கமிருந்து மேகம் கறுத்து ரொம்பத் தாழ்வாக வந்தது. மூன்றரை மணிக்கே தெருவில் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர் வீட்டுத் தென்னையில் மின்னல் இறங்கியது. நான் நோட்டில் "மிகப் பெரியது" என்று எழுதி அடியில் கோடு போட்டேன். பெட்டி நனையாமல் பத்திரமாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி.

அவள் ஒரு புதன்கிழமை மதியம் வந்தாள். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது என் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

"மேல பாப்பா அழுதுகினு கீது. பொட்டி கெட்டுப்போச்சாம்."

அந்தப் பெண் படிக்கட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கோடு நேராக வந்து, ஓரிடத்தில் படி இறங்குவதுபோல் சட்டென்று பாதிக்குக் கீழே இறங்கி, அப்படியே ஓடியது.

"இங்க பாருங்கண்ணா. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு பத்து. இடி இல்லாதப்பவும் மண்ணுல, காத்துல கொஞ்சம் கதிர் இருக்கும், அந்த எண்ணிக்கையே பாதியாயிடுச்சு. அப்புறம் ஏறவே இல்லை. மழை பெஞ்சா கொஞ்சமாவது ஏறணும், அதுவும் சரியா ஏறல. அன்னிக்கு இடி ஏதாவது பக்கத்துல விழுந்துச்சுங்களா?"

நான் நோட்டைக் கொடுத்தேன். அவள் படித்தாள்.

"இடி இல்லை, மழை இல்லை. அப்ப வெயில்தான். உள்ள கதிரைப் பிடிக்கிற கண்ணாடிக் கட்டி சூட்டுல விரிசல் விட்டிருக்கும். என் தப்புதான், நிழல் கட்டியிருக்கணும். காலையில கழட்டி அனுப்பிடறேன். திரும்பி வர்றதுக்குள்ள இந்த வருச இடி முடிஞ்சிரும்."

ஐந்து பத்து என்று அவள் சொன்ன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எக்ஸ்ரே ஜாதி என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக் கதவுக்கு இதே ஈயத்தை இதே கையால் நான் அடித்திருக்கிறேன். கதிர் வெளியே வராமல் நிறுத்தத்தான் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்த இரண்டு விஷயம் என் மண்டைக்குள் தனித்தனியாகவே கிடந்திருக்கிறது. மேகத்தைப் பார்க்க வைத்த பெட்டியின் கண்ணை நான் கட்டியிருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். என் மனைவியிடமும் சொல்லவில்லை.

விடிந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் எழுவதற்குள் மேலே போய்த் தகட்டை உரித்துவிட வேண்டும். எண்ணிக்கை தானாக ஏறிவிடும். பெட்டி சரியாகிவிட்டது என்று அவள் சந்தோஷப்படுவாள். யாருக்கும் எதுவும் தெரியாது.

மேலே போனேன். குனிந்து பக்கெட்டில் கை வைத்தேன். அப்போதுதான் அந்தக் கோடு ஞாபகம் வந்தது. இப்போது நான் தூக்கினால் அது ஒரு படி ஏறும். காரணம் இல்லாமல் இறங்கி, காரணம் இல்லாமல் ஏறிய பெட்டியை அவள் எப்படி நம்புவாள்? அதற்கு அப்புறம் கிடைத்தாலும் நம்ப முடியாது, கிடைக்காவிட்டாலும் நம்ப முடியாது. பெட்டி ஒழுங்கா பாத்துச்சு, இருந்தும் கிடைக்கலைன்னு எழுதணும் என்று அவள் சொன்னது அப்போதுதான் விளங்கியது. என் தப்பை மறைத்தால் அவளுடைய இரண்டு வருட ஆராய்ச்சிக்கும் சேர்த்துத் தகடு அடித்ததாக ஆகிவிடும்.

கையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கி அவள் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுக்கு அவள் வந்து மூன்று மாதத்தில் நான் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அவள் ஸ்க்ரூ டிரைவரோடு கதவைத் திறந்தாள்.

"பொட்டி கெடலம்மா. நான்தான் பக்கெட்டுக்குள்ள ஈயம் அடிச்சேன். ஞாயித்துக்கெழம அஞ்சு பத்துக்கு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மேலே வந்தாள். பக்கெட்டை ஒரு கையால் தூக்கப் போனாள், அசையவில்லை. இரண்டு கையாலும் சாய்த்து உள்ளே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"எத்தனை மில்லிங்கண்ணா?"

"மூணு."

"எல்லாப் பக்கமுமா?"

"தரைப் பக்கம் தவிர எல்லாப் பக்கமும். ஒரு சந்து இருக்காது."

"அது தெரியுது," என்றாள். பிறகு சிரித்தாளா, அழுதாளா என்று சொல்ல முடியாத மாதிரி ஒரு முகம். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு நல்லதாகப் பட்டது. பரவாயில்லாத விஷயம் இல்லை அது.

கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்பை மேலே கொண்டுவந்தாள். "எடுங்க," என்றாள். பக்கெட்டை எடுத்தேன். பத்து நிமிடம் பார்த்தாள். "வைங்க," என்றாள். வைத்தேன். மறுபடி பத்து நிமிடம். இப்படி ஐந்து முறை. நான் எடுத்தால் கோடு ஏறியது, வைத்தால் இறங்கியது. என் மனைவி காபியோடு வந்து பார்த்துவிட்டு, "இன்னா, காலங்காத்தால பக்கெட்டு தூக்கி எக்சசைசா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் சொன்னனா இல்லியா?" அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் என் நோட்டை நீட்டினாள். நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னாள். "ஞாயிறு மாலை 5.10, பக்கெட் உள்ளே மூன்று மில்லி ஈயத் தகடு போட்டேன். வியாழன் காலை எடுத்தேன். கேட்காமல் செய்தேன்." கடைசி வரியை அவள் சொல்லவில்லை. நானாக எழுதினேன்.

"அந்தப் பெரிய இடி?" என்று கேட்டேன்.

"போனது போனதுதாங்கண்ணா. அந்தப் பத்து நாளையும் கணக்குல சேர்க்க முடியாது."

வேறு பக்கெட் வாங்கிக் கவிழ்த்தோம். தகட்டை உரித்து மேஸ்திரியிடமே திருப்பிக் கொடுத்தேன். "ராஜா வாணான்னுட்டாரா?" என்றார். ஆமாம் என்றேன்.

அதன்பிறகு இடி வரும் சாயங்காலங்களில் அவள் தன் அறை வாசலில் திரையைத் திறந்துவைப்பாள். நானும் என் மனைவியும் படியில் உட்கார்ந்து பார்ப்போம். ஒருநாள் கோடு மெல்ல மெல்ல ஏறியது. இதுவாம்மா என்று கேட்டேன். இல்லை, இது மழை என்றாள். மண்ணிலிருந்து ஒரு வாயு எழும்பி, அதன் தூசி காற்றில் மிதக்குமாம். மழை அதைக் கழுவிக் கீழே கொண்டுவரும். அதற்கும் கொஞ்சம் கதிர் உண்டு, அரைமணி நேரத்தில் பாதியாகிவிடும் என்றாள். சொன்னபடியே இறங்கியது. மேகத்திலிருந்து வருவதாக இருந்தால் மின்னல் வெட்டிய நொடியில் கத்தரித்த மாதிரி நிற்க வேண்டும். அப்படி ஒன்று கார்த்திகை வரைக்கும் வரவில்லை.

அறையைக் காலி செய்துகொண்டு போகும் நாளில் அவள் சொன்னாள். கிடைக்கவில்லை என்றே எழுதியிருக்கிறாளாம். பெட்டி உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று அவளுடைய பேராசிரியர் கேட்டாராம். பக்கெட்டை ஐந்து முறை எடுத்து வைத்த அந்தக் கோட்டையும், என் நோட்டின் அந்தப் பக்கத்தையும் காட்டினாளாம். அவர் என் எழுத்தைப் படிக்கக் கஷ்டப்பட்டாராம், ஆனால் ஒப்புக்கொண்டாராம்.

இப்போது நான் அடுத்தவர் பொருளில் கை வைப்பதற்கு முன் கதவைத் தட்டுகிறேன். நாக்கு எழும்பாவிட்டாலும் தட்டுகிறேன். இடி இடிக்கும் நாட்களில் ஜன்னல் ஓரம் நின்று மேகத்தைப் பார்ப்பேன். அன்றைக்குத் தாழ்வாக வந்த அந்தப் பெரிய மேகத்திலிருந்து ஏதாவது இறங்கியதா, இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நடுவில் இருந்த தகடு யாருடையது என்பது மட்டும் என் கையெழுத்தில் இருக்கிறது. அதுவாவது எழுதப்பட்டிருக்கிறதே என்று நினைத்துத்தான் இன்றுவரை நிம்மதியாகத் தூங்குகிறேன்.

எழுதி முடித்தது: ஐப்பசி 9, மழை விட்ட மதியம்.